யூட்டின் கப்பல்கள்

அண்ணை,

இன்று காலை ஒரு கலியாண வீட்டுக்காரர் தாலிக்கொடியைப் படம் எடுக்கக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வெல்வெட் துணியை எடுத்து விரித்தேன். அதில் நீள்சதுரமாகச் சில தடங்கள் இன்னும் பதிந்து கிடந்தன. உங்கள் நாணயப் பெட்டிகளின் தடங்கள். கையால் தடவிப் பார்த்தேன், போகவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு வேறொன்றில் தாலிக்கொடியைப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

சுன்னாகத்தில் இருக்கும் என் ஸ்ரூடியோவுக்கு நீங்கள் முதன்முதலாக வந்தபோது, குருநகரிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவானேன் என்று கேட்டேன்.

"அங்கை எல்லாருக்கும் என்னைத் தெரியும் பிள்ளை. ஏன், எதுக்கு எண்டு கேப்பினம்."

நீங்கள் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர் என்பதும், போன துறைமுகமெல்லாம் நாணயம் சேர்த்தவர் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நாணயங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பித் தரம் பார்ப்பித்திருந்தீர்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, திறக்க முடியாத பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அப்படி அடைத்தவற்றை அவர்களுடைய இணையத்தளத்தில் ஒரு தொகுப்பாகப் பதிந்து, படத்தோடு உலகத்துக்குக் காட்டலாம். யாருடைய தொகுப்பு முன்னுக்கு நிற்கிறது என்றும் அங்கே தெரியும். அந்தப் படங்களை எடுத்து ஏற்றத்தான் என்னிடம் வந்தீர்கள்.

உங்கள் நாணயங்கள் எல்லாவற்றிலும் ஒரு கப்பல் இருந்தது. குவைத் நாணயத்தில் அரபுப் பாய்க்கப்பல். கனடாவிலிருந்து வருகிறவர்கள் பொக்கற்றில் கொண்டு திரியும் பத்துச் சதத்திலும் ஒரு பாய்க்கப்பல். அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. தொகுப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது இணையத்தளம். 'யூட்டின் கப்பல்கள்' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னீர்கள்.

"ஆர் அண்ணை யூட்?"

"என்ரை மகன். நோர்வேயிலை."

அன்று அவ்வளவுதான் சொன்னீர்கள். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் யூட் உங்கள் பையைக் கவிழ்த்து, கப்பல் போட்ட நாணயங்களை மட்டும் பொறுக்கி எடுப்பாராம். வளர்ந்த பிறகு உங்களுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் செய்தார். தாய் இறந்தபோது, "வராதை" என்று போனில் சொன்னீர்கள். அவர் வரவில்லை. அதன்பிறகு இருவரும் கதைக்கவில்லை.

அந்த இணையப் பக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ ஒரு யப்பான்காரர் பாராட்டி எழுதினார். ஒரு ஜெர்மன்காரரின் தொகுப்பை முந்திவிட்டோம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, "நோர்வேயிலை இருந்து ஏதும் வந்ததோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை அண்ணை. நான் அவருக்கு லிங்கை அனுப்பட்டோ? உங்கடை தங்கச்சியாரிட்டை நம்பர் இருக்கும்."

"வேண்டாம். அவன் தேடுவான். தேடினால் அம்பிடும். நீ சொல்லிப்போடாதை பிள்ளை."

"ஓம் அண்ணை" என்றேன். அதற்குப் பிறகும் சிலமுறை கேட்டுப் பார்த்தேன். நீங்கள் அடுத்த நாணயத்தை எடுத்து விளக்கின் கீழே வைத்தீர்கள்.

இந்த முறை தவக்காலத்தில் நீங்கள் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று இருந்தேன். உங்கள் தங்கச்சியின் மகள் போன் எடுத்து, நித்திரையிலேயே போய்விட்டீர்கள் என்று சொன்னாள். செத்தவீட்டுக்கு வந்தேன். யூட் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவன்று சனத்துக்குள்ளே அவரோடு கதைக்க முடியாமல், உங்கள் தங்கச்சியின் மகளிடம் அவருடைய நம்பரை வாங்கி, என் வீட்டுக்கு வந்து லிங்கை அனுப்பினேன். உடனே அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உது அப்பா செய்ததோ?"

"ஓம். நீங்கள் தேடுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்."

"நான் நாணயம் சேக்கிறதைச் சின்னனிலையே விட்டிட்டன் அக்கா. உப்பிடி ஒரு இடம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது" என்றார். "ஒவ்வொரு நத்தார் பெருநாளுக்கும் நானும் வீட்டு நம்பருக்கு அடிச்சனான். லைன் இல்லையெண்டே சொல்லும். அப்பாதான் வெட்டிப்போட்டார் எண்டு நினைச்சிட்டன்."

அந்த வீட்டுப் போன் பழுதாகி, நீங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் அவருக்காக ஒரு பக்கத்தில் காத்திருந்தீர்கள். அவர் உங்களை இன்னொரு பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போவதற்கு முன் யூட் ஸ்ரூடியோவுக்கு வந்தார். உங்கள் நெற்றி அவருக்கு. அப்பாவின் படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். நாணயங்களை அத்தனை கோணத்தில் எடுத்த நான், அண்ணை, உங்களை ஒருமுறைகூட எடுத்திருக்கவில்லை. கொம்பியூட்டரில் எல்லாம் தேடினோம். கடைசியில் வெளிச்சம் சரியா என்று பார்க்க எடுத்த ஒரு படம் கிடைத்தது. பெட்டி மினுங்காதபடி நீங்கள் அதைச் சரித்துப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு விரலும், சேட்டுக் கையின் ஓரமும் தெரிகின்றன. யூட் அதை அங்கேயே நின்று பார்த்தார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனார்.

உங்கள் சொல்லைத் தட்டியிருக்கலாம். ஒரு விரலால் அழுத்தி அனுப்பியிருந்தால் போதும். நீங்கள் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வராமல் இருந்திருப்பீர்கள். பிறகு இரண்டு பேராக வந்திருப்பீர்கள். மரியாதை என்று நினைத்து உங்களுக்குச் சொன்ன அந்த 'ஓம்' என்னோடு இருக்கிறது, அண்ணை. அதைத் திருப்பி எடுக்க ஆள் இல்லை.