மதிலோரத்துக் கள்ளிமுளையான்

இன்று காலை வாசல் தெளிக்கப் போனவள் குமட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். எலி செத்துக் கிடக்கிறதென்று மருமகள் மூட்டை முடிச்சையெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதா? உங்கள் கள்ளிமுளையான் பூத்திருக்கிறது.

போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டை நாறடிக்காமல் விடமாட்டேன் என்கிறீர்களே! அதெல்லாம் ஒரு பூவா? தண்டு நுனியில் பந்து மாதிரி, காய்ந்த ரத்த நிறத்தில். மேலே பச்சை ஈக்கள். பிணமென்று ஏமாந்து அதில் முட்டையிட்டுவிட்டுப் போகும். ஒருமுறை புழு நெளிவதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்த முதல் வருஷம். அறுபதுகளில் மழை பொய்த்த காலம். கரட்டு மேட்டிலிருந்து நீங்கள் இதை ஒடித்துக்கொண்டு வந்தீர்கள். கள்ளியென்று நான் அலறினேன்.

"கிள்ளிப் பாரு. பால் வந்தா கள்ளி, கிட்ட போவாத. இதுல தண்ணிதான் கசியும். நாலு பட்டை, முள்ளு கெடையாது," என்றீர்கள்.

நிழலில் சில நாள் வாடப் போட்டு, மதிலோரச் சரளை மண்ணில் ஊன்றினீர்கள். நான் செம்போடு போனதற்கு, "தண்ணி ஊத்தினா அழுவிப்போயிரும், உட்டுரு" என்று தடுத்தீர்கள். அப்புறம் நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஊற்றினேன். சனியன், சாகவில்லை.

எப்போதாவது பட்டை சீவி, புளி, மிளகாய், உளுந்தோடு வதக்கித் துவையல் அரைப்பேன். களிக்குப் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வாயில் எந்நேரமும் ஒரு பச்சைப் புளிப்பு வாடை. கிட்டே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பூ விட்ட வாரம் பொம்மிடியிலிருந்து அப்பா வந்தார். வாசலிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வூட்டுல என்ன செத்துக் கெடக்குது?" என்றார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. "இந்த நாத்தத்துல என்னால இருக்க முடியாதுப்பா, நானும் வந்துடறேன்," என்று பெட்டியை எடுத்து வைத்தேன். நிஜமாகவே கிளம்பிவிட்டேன். திரும்பி வரும் எண்ணமே இல்லை.

அப்பா மதிலோரம் குனிந்து பார்த்தார். பாதிக்கு மேல் தண்டுகள் நுனி ஒடிந்திருந்தன.

"துவையலுக்கா கண்ணு இத்தனை?"

"அது எப்பவோ ஒருதரம்ப்பா."

"மாப்பள உங்கூட ஒக்காந்து சாப்புடறாரா?"

"அவருக்குப் பசிக்கவே பசிக்காது. எனக்குப் போட்டுட்டு, காட்டுலயே சாப்புட்டாச்சும்பாரு."

அப்பா ஒரு தண்டை ஒடித்து என் கையில் கொடுத்தார். "ஆடு மேய்க்கறவங்க கஞ்சியில்லாத நாள்ல இதைத்தான் கடிச்சிக்குவாங்க. பசி செத்துப்போவும்." பெட்டியை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எனக்கு உங்கள்மேல் அன்பு பொங்கியது என்று நினைக்காதீர்கள். அருவருப்புதான் வந்தது. நான் வட்டிலை வழித்து நக்கியிருக்கிறேன், நீங்கள் அதை மென்றுகொண்டு மதிலோரம் நின்றிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கையிலிருந்ததைக் கடித்தேன். கசப்பும் புளிப்புமாக நாக்கே மரத்துப்போனது. துப்பினேன்.

அன்று சாயங்காலம் ஒரே வட்டிலில் களியைப் போட்டு, ஈர விரலால் நடுவே கோடு இழுத்து உங்கள் முன்னால் வைத்தேன். "இந்தப் பக்கம் ஒங்களுது. தீர்ந்தாத்தான் நான் கை வெப்பேன்." நீங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். அவர் கூரையைப் பார்த்தார். தின்றீர்கள்.

இப்போது யாருக்கும் குறைவில்லை, பானை நிறையக் களி. நான் உட்கார்ந்ததும் விரல் தானாகவே கோடு இழுக்கிறது. என் பக்கத்தைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன். மீதியை மருமகள் தினமும் மாட்டுக்கு வைக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டது, பசி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள்.