கடைசியாக நடக்கும் வேலை

என் அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

உன் பெயரை எழுதிப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. வீட்டில் நான் உன்னை "இந்தா புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். நீயும் "என்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். இத்தனை வருடக் குடித்தனத்தில் நம் இரண்டு பேரின் பெயரையும் மற்றவர்கள்தான் புழங்கினார்கள்.

ஆமாம், எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். நம் மகள் ஸ்டெல்லா என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மெதுவாகத்தான் கை ஓடுகிறது. ஒரு பத்தி எழுதிவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிறேன். இன்று ஸ்டெல்லா கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

இந்தக் கடிதம் எங்கள் நடைக் குழுவின் ஆண்டு மலரில் வரப்போகிறது. எல்லாரும் ஏதாவது எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு யாருக்கென்று எழுதுவது? தெரியாதவர்களுக்கு எழுதினால் என்ன பேசுவதென்றே வரவில்லை. உனக்கு எழுதுகிறேன், அவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நடைக் குழு என்றால் என்னவென்று கேட்பாய். சொன்னால் சிரிப்பாய். பதுளை டவுனில் இருக்கிற கொஞ்சப் பேர் பௌர்ணமி போயா லீவு நாளில் ஒன்றுகூடி, ஒரு வேனைப் பிடித்து, ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்துக்கோ காட்டோரத்துக்கோ போகிறார்கள். அங்கே இறங்கி அரை நாள் நடக்கிறார்கள். கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வேலைக்கா? இல்லை. திருவிழாவுக்கா? இல்லை. யாராவது செத்துப்போனார்களா? அதுவும் இல்லை. சும்மா நடக்கிறார்கள்.

எனக்கு ரத்தத்தில் சீனி கூடிவிட்டது. நீ போன பிறகு நான் ஸ்டெல்லா வீட்டு நாற்காலியை விட்டு எழும்பவில்லை. கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா, "ஐயா, நீங்கள் நடக்க வேணும்" என்றார். வாழ்நாளெல்லாம் தேயிலை மலையில் ஏறி இறங்கிய என்னைப் பார்த்து நடக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பென்ஷன் எடுத்த பிறகும் பதுளையிலேயே இருந்துவிட்டார். அந்தக் குழுவை நடத்துவதும் அவர்தான். அடுத்த போயாவுக்கு வரச் சொன்னார்.

முதல் நடை தெமோதரையிலிருந்து எல்ல ஊர்ப் பக்கம், தேயிலை ரோட்டு வழியாக. எல்லாரும் தொப்பி, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் என்று வந்திருந்தார்கள். வேனை விட்டு இறங்கியதும் என் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்கிற ஓட்டம். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட உட்காரும் இடத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

அது மட்டும் இல்லை. திரும்பும் வழியில் டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே நல்ல காய்ந்த கிளைகள் கிடந்தன. யாரும் எடுக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் நீ என்ன சொல்வாய்? ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், கொடியால் கட்டினேன், சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினேன். வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.

"ஐயா, என்ன இது?" என்றார் டாக்டரம்மா.

"விறகுங்க."

"அது தெரியுது. ஏன் கொண்டு வாறியள்?"

விறகைத் தலையிலிருந்து இறக்கி வைத்தேன். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் தங்கையா முதலாளி ஒருவர் இருக்கிறார். நல்ல பருமன், நல்ல மனது, வாய் மட்டும் சும்மா இருக்காது. அவர்தான் கேட்டார். "என்னாண்ணே, வீட்டுல காஸ் முடிஞ்சு போச்சா?"

"காஸ் இருக்குங்க முதலாளி. மக சிலிண்டர்தான் வச்சிருக்கு."

"பின்ன என்னாத்துக்கு? எங்களை எரிக்கவா?"

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். விறகு வேனின் கூரையில் ஏறி பதுளைக்கு வந்தது. ஸ்டெல்லா அதை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் பின்பக்கம் அடுக்கி வைத்திருக்கிறாள்.

சிரித்து முடிந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐயா, இது ஓட்டப் போட்டி இல்லை. நீங்கள் முன்னுக்குப் போய் மறைஞ்சா, விழுந்து கிடந்தாலும் எங்களுக்குத் தெரியாது. இப்பிடி ஓடினால் நமுனுகுல மலைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது."

நமுனுகுல என்றால் நான் எதற்கும் தயார். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றால் எதிரே அந்த மலைதான். நீ தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதை ஒரு தடவை பார்ப்பாய். "என்னாங்க, அந்த உச்சியில நின்னு பார்த்தா நம்ம லயம் தெரியுமா?" என்று கேட்பாய். எத்தனை தடவை கேட்டிருப்பாய். ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்பேன். அதன் அடியிலேயே பிறந்து வளர்ந்தோம், அதன் உச்சியை நாம் இரண்டு பேரும் மிதித்ததில்லை. வேலை இல்லாத மலைக்கு நம்மில் யார் போனது?

"நான் என்னா செய்யணும்ங்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கடைசி ஆளா வாங்கோ" என்றார். "முன்னுக்குப் போறவர் வழி காட்டுவார். பின்னுக்கு வாறவர்தான் ஆக்களைக் காப்பாத்துவார். ஒருத்தரையும் முந்தக் கூடாது. ஆர் நிண்டாலும் நீங்களும் நிக்க வேணும். கீழ வந்து சேர்ந்ததும், பின்னுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு எனக்குச் சொல்ல வேணும்."

ஆரோக்கியம், எனக்கு அந்த இடத்திலேயே நீ வந்து நின்ற மாதிரி இருந்தது. இது உன் வேலை அல்லவா?

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்போது எப்போதும் நீதான் கடைசி. கால் வலித்தவள், காய்ச்சல்காரி, வயதானவள், எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு வருவாய். நீ லயத்து வாசலில் தலை காட்டியதும் பொம்பளைகள் விளையாட்டாகச் சொல்வார்கள்: "ஆரோக்கியம் வந்தாச்சு, இனி மலையில யாரும் இல்ல." அதைக் கேட்ட பிறகுதான் சில வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள்.

ஒரு நாள் மாலை, பனி இறங்கி எதிரே நிற்பவர் தெரியாத நேரம். எல்லாரும் கொழுந்து நிறுத்துவிட்டுப் போகப் பார்க்கிறார்கள், உன்னை மட்டும் காணவில்லை. நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கடைசியில் நீ வந்தாய், நிறைமாதமாக இருந்த செல்வியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு. உன் கூடை முதுகில், அவள் கூடை இடுப்பில். கணக்கப்பிள்ளைக்குக் கோபம்.

"என்னா ஆரோக்கியம், அன்ன நடையா? ஊர்வலமா வர்ற?"

"ஆமாங்க கணக்கப்புள்ள, மாதா ஊர்வலந்தான். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, மாதா வர்றாங்க."

அந்த மனிதரும் ஒதுங்கித்தான் நின்றார். இரண்டு கூடையையும் நிறுத்த பிறகுதான் தராசைக் கழற்றினார். செல்விக்குப் பிறந்த பிள்ளைக்கு மரியா என்று பெயர் வைத்தார்கள்.

உன் பின்னால் நடக்க ஒரு தடவை நானும் முயன்று பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்குப் போகும் வழியில், சாரத்தை இறுக்கிக் கட்டுகிற மாதிரி நின்றேன். நீயும் நின்றுவிட்டாய். "நீங்க போங்க, நான் வர்றேன்" என்றாய். நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். நீ ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாய். உன்னிடம் யார் ஜெயிக்க முடியும்?

அதன் பிறகு ஒவ்வொரு நடையிலும் கடைசி ஆளாகப் போனேன். பூனாகலைப் பக்கம் போனோம், இன்னும் எங்கெங்கோ போனோம். முதலில் கால் கேட்கவில்லை. அதை அடக்க, நீ எப்படி நடந்தாய் என்று யோசித்து யோசித்து நடந்தேன். நீ கீரை பறித்துக்கொண்டே வருவாய். நின்று ஆட்களோடு பேசுவாய். மெதுவாக வருகிறவளுக்கு, தனக்காகத்தான் நீ நிற்கிறாய் என்று தெரியாதபடி நிற்பாய். அது எவ்வளவு பெரிய சாமர்த்தியம் என்று செய்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. நானும் இப்போது செருப்பு வாரைச் சரிசெய்கிறேன், போர்டுகளை எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். அந்தப் போர்டுகளுக்குக் கீழே எத்தனை வருடம் நடந்திருப்போம்! இப்போதுதான் அவை என்னோடு பேசுகின்றன.

பிறகு நமுனுகுல வந்தது.

அன்று காலை மலை தெளிவாக நின்றது. உன் கேள்வியை வேனிலேயே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். "கட்டாயம் பாப்பம் ஐயா" என்றார் டாக்டரம்மா. தேயிலையைக் கடந்து காட்டுக்குள் ஏறினோம். அட்டை ஏறாமலிருக்க எல்லாரும் காலில் சவர்க்காரம் பூசியிருந்தோம். எனக்கு முன்னால் தங்கையா முதலாளி. கையில் வடைப் பொட்டலம், வாயில் பேச்சு. ஏற ஏறப் பேச்சு குறைந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மடங்கவில்லை. மேலே போனவர்களின் பேச்சுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

"நீங்க போங்கண்ணே" என்றார். "நான் இங்கயே இருக்கேன். அண்ணி கேட்டத பார்த்துட்டு வாங்க."

நான் மேலே பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கீழிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் பிறகு ஒன்றும் தெரியாது. ஒரு ஓட்டம் ஓடினால் போதும், பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவர் எங்கே போய்விடப் போகிறார்?

நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கவே வேண்டாம். நீ அதற்குள் கல்லில் உட்கார்ந்திருப்பாய்.

நானும் உட்கார்ந்தேன். "போகலயா?" என்றார் முதலாளி.

"காலு கொஞ்சம் வலிக்குதுங்க" என்றேன். பொய்தான். உன்னிடம் கற்ற பொய்.

"உங்களுக்காவது, கால் வலிக்கிறதாவது" என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பெரிய வடையாகப் பார்த்துக் கொடுத்தார். மேகம் எங்கள் மேல் வந்து மூடியது. அதற்குள் உட்கார்ந்து இரண்டு கிழவர்களும் வடை தின்றோம். நன்றாகத்தான் இருந்தது, ஆரோக்கியம்.

மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். "மேல என்னாங்க தெரிஞ்சிச்சு?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"ஒண்டும் தெரியேல்லை ஐயா. வெறும் முகில். உங்கட லயத்தைத் தேடித்தான் இவ்வளவு நேரமும் நிண்டனாங்கள்." அவர் முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அத்தனை பேரும் அங்கே நின்று உன் லயத்தைத் தேடியிருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?

இறங்கும்போது முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லாரையும் முன்னால் விட்டோம். கடைசி வளைவில் நம் தோட்டத்துக் கல்லறைத் தோட்டம். உன் சிலுவையில் உன் பெயரை முதல் தடவையாக நானே வாசித்தேன். முதலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தனக்குக் கால் வலிக்கிற மாதிரி என் பக்கத்தில் நின்றார். அவரும் கற்றுக்கொண்டுவிட்டார் பார்.

காலமெல்லாம் எல்லாரையும் முன்னால் விட்ட நீ, இந்த ஒன்றில் மட்டும் ஏன் முந்திக்கொண்டாய்?

ரோட்டில் வேனுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா காத்திருந்தார். "பின்னுக்கு ஆரும் இருக்கினமோ, ஐயா?"

"இனி மலையில யாரும் இல்லைங்க" என்றேன்.

சொல்லிவிட்டு வேனில் ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா இதைப் படிப்பார், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. நீ இருந்தாய்.

மழை ஓய்ந்து வெயில் வந்ததும் மறுபடி அந்த மலைக்குப் போகிறோம். முதலாளி இப்போதே முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறார். அவர் ஏறினால் நானும் ஏறுவேன். லயம் தெரிந்தால், இறங்கும் வழியில் உன் பக்கத்தில் வந்து நின்று சொல்கிறேன். தெரியாவிட்டாலும் வந்து நிற்பேன். அதுவரையில், எனக்கு முன்னால் நடக்கிற ஒருவரையும் மலையில் விட்டுவிட்டு வர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்போது உன் பின்னால், மெதுவாக வந்துகொண்டிருக்கும்
உன் புருஷன்
சவரிமுத்து