சட்டைப் பையில் சாவி

எங்கள் வக்கீல் ஆபீசில் மூன்று நாளாகச் சுவருக்குப் பட்டி பார்க்கிறார்கள். கேஸ் கட்டுகளையெல்லாம் பழைய வேட்டி போட்டு மூடிவிட்டு, என்னையும் கம்ப்யூட்டரையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பட்டியின் அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். செத்துப்போனவர்களின் ஞாபகம் மற்றவர்களுக்கு மல்லிகைப்பூவில் வருமாம், ஊதுபத்தியில் வருமாம். எனக்கு நீ சுவர்ப் பட்டியில் வருகிறாய். உனக்கு அதுதான் பொருத்தம்.

பட்டி பார்க்கிற ஆள் சுவரில் இருந்த ஆணிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னையறியாமல், "அதை அடிச்சது யாரு, நீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நான் அடித்த எந்த வரியிலும் மனசு நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ராஜபாளையத்தில் உன் அப்பா பேண்டேஜ் துணி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த மாடியைக் காலி பண்ணி, இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து, கேலரி என்று நீ போர்டு மாட்டியபோது தெருவே சிரித்தது. மாடியில் என்ன விக்கிறீக என்று கேட்டு வந்தவர்கள்தான் முதல் வருஷம் முழுக்க. ஒருநாள் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெரியவர், இறந்துபோன மனைவியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிசாக்கித் தரச்சொல்லி வந்தார். "போட்டோ இங்க போட மாட்டோம்யா. வந்தது வந்தீக, செத்த நேரம் நின்னு இதைப் பாத்துட்டுப் போங்க" என்று நீ அவரை உள்ளே கூட்டிப் போனாய். அப்போது சுவர் முழுக்கப் பருத்தி மூட்டைகள், கரியால் வரைந்தவை. ஊரில் ஒருவருக்கும் அவை என்னவென்று பிடிபடவில்லை. அவர் ரொம்ப நேரம் நின்றார். "மூட்டைக்குள்ள யாரோ உக்காந்திருக்க மாதிரில்ல இருக்கு" என்றார். அதை நீ ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சென்னையிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசியதில் ஒரு வாக்கியம்கூட உனக்கு நினைவில் நிற்கவில்லை.

அந்தச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரை. ஆணியைக் கண்டபடி இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அதனால் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஆணியை அடித்தவர்தான் பிடுங்க வேண்டும். "எந்தச் சாய்வுல இறங்குச்சுன்னு அடிச்ச கைக்குத்தாம்ட்டி தெரியும்" என்பாய். படத்தை மாட்டுவதற்கு முன்னால், படம் மறைக்கிற இடத்தில், பிடுங்க வேண்டியவரின் பெயரைச் சுவரில் பென்சிலால் எழுதிவிடுவாய். கண்காட்சி முடிகிற முப்பதாம் நாள் அவரவர் பெயருள்ள ஆணியை அவரவர் பிடுங்கி, ஓட்டைக்குப் பட்டி பார்த்து, வெள்ளை தடவிவிட்டுத்தான் டீ. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நழுவப் பார்த்த ஒரு ஓவியரை நீ பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பக் கூட்டிவந்தது எனக்குத் தெரியும். கையில் சுத்தியலோடு போனாய் என்பதும் தெரியும்.

நாம் பழகியது டைப்ரைட்டிங் கிளாசில். நீ பாடத்தை விட்டுவிட்டு எக்ஸ் எழுத்தாலேயே ஒரு யானையை அடித்து மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். நான் ஒழுங்காகப் பாஸ் பண்ணி, கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, கோர்ட்டுக்கு எதிரே இந்த ஆபீசில் உட்கார்ந்தேன். வக்கீலைப் பார்க்கக் காத்திருக்கிற ஜனங்களை, பிழையாகிப்போன அபிடவிட் தாள்களின் பின்பக்கம் பேனாவால் வரைவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காத்திருக்கிறவர்கள் அசைய மாட்டார்கள், வரைய வசதி. உங்கள் நிலத்துப் பட்டா விஷயமாக நீ வந்த அன்றைக்கு அது உன் கண்ணில் பட்டது. "ஏட்டி, இம்புட்டையும் எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த?" என்று சொல்லி, கேட்காமலே மொத்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனாய். அந்தக் கட்டில் சட்டைப் படமும் இருந்தது.

அது என்ன சட்டை என்று உனக்கு நான் சொல்லவேயில்லை. சொல்லாமலே உனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மிலிட்டரியிலிருந்து திரும்பிவந்த நாள் முதல் சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசல் கிரில் கேட்டைப் பூட்டுவார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டுவார். திருட்டு பயமாம். ஆறரைக்குப் பிறகு வெளியே போக வேண்டுமென்றால் அந்தச் சாவியை எடுக்கலாம், கையெட்டும் தூரம்தான். எடுத்தால், எங்கே என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே பதினாறு வருஷமாக நான் எடுக்கவில்லை. இத்தனைக்கும் அவர் ஒருநாளும் கை நீட்டியவர் இல்லை. குடி கிடையாது, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. குறை சொல்ல ஒன்றுமில்லாத வீட்டில் மாட்டிக்கொண்டவள் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? ஒருநாள் ஆபீஸ் தாளில் அந்தச் சட்டையை வரைந்தேன். தொய்ந்த பை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சாவியின் தலை, அவ்வளவுதான்.

அதையெல்லாம் வைத்து உன் கேலரியில் எனக்கு ஒரு கண்காட்சி என்றாய்; நான் வேலையில் இருந்த நேரத்தில் நீ ஒருத்தியாகவே எல்லாப் படங்களையும் மாட்டியிருந்தாய். உங்கள் வீட்டுத் தெலுங்கில் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணியபடி சுவரை ஜாண் போட்டு அளந்திருப்பாய். திறப்பு அன்றைக்குப் படியேறி வந்து நிமிர்கிறேன், வாசலுக்கு நேரெதிரே சட்டை. வந்த வழியே இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லைதான். மில்லுக்குப் போகிற ஒரு பெண் மட்டும் அதன் முன்னால் நின்று, பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க வீட்ல இடுப்புல சொருகிக்கிடுவாரு" என்று சொன்னாள். நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை. அன்றைக்கு ஐந்தரைக்கே பஸ் ஏறிவிட்டேன். என் கண்காட்சியிலிருந்து முதலில் கிளம்பியவள் நான்தான்.

கண்காட்சியின் பதினாறாம் நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "வார ஞாயித்துக்கிழமை நானும் வந்து பாக்கேன். ஊரே சொல்லுது, நான் பாக்கலன்னா நல்லாருக்காது" என்றார். மறுநாள் மதியம் லீவு போட்டுவிட்டு உன்னிடம் ஓடிவந்தேன். ஞாபகம் இருக்கிறதா? செத்தவளைக் கேட்கிறேன் பார்.

"சட்டையை இறக்கிரு" என்றேன்.

"முப்பது நாளு முடியலையே."

"அவரு வாராரு. பாத்தாருன்னா என்னட்டி நெனைப்பாரு?"

"அவரு என்ன நெனைப்பாருன்னு பாக்கத்தானே படம் போட்டிருக்கோம்."

"உனக்கென்ன, நீ ஒண்டிக்கட்டை. நெனைச்சா கதவைத் தொறந்து போவ, வருவ."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நீ சத்தம் போடவில்லை. "ஆணி அடிச்சது நானு. நான் இறக்க மாட்டேன். நீ செத்த நேரம் அது கிட்டப் போய் நில்லு, பொறவு பேசு" என்றாய். நான் கிட்டப் போகவில்லை. இனிமேல் உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நீ மாடியிலிருந்து இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். இரண்டாம் தடவை நன்றாகவே காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை காபி போட எழுந்தவள் அடுப்படியிலேயே விழுந்துவிட்டாய் என்று உன் தம்பி போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை அவர் ராஜபாளையத்துக்கு வந்தார், படம் பார்க்க அல்ல. சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் உன் தம்பி கேலரிச் சாவியை என் கையில் கொடுத்தான். "படமெல்லாம் உங்களோடதுக்கா. எப்ப முடியுதோ அப்ப எடுத்துக்கிடுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றான். உன் சுத்தியலையும் கொடுத்தான். நல்லவன். இன்றைக்கே எடுங்கள் என்று அதட்டியிருந்தால் எடுத்திருப்பேன்.

ஏழு மாதம், அடியே. மாதம் ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லி வந்து, கேலரியைத் திறந்து, தரையைக் கூட்டிவிட்டு, ஆறரைக்குள் வீடு திரும்புவேன். முப்பது நாள் கண்காட்சி ஏழு மாதம் ஓடியது, பார்க்க ஒரு ஆள் கிடையாது. ஆணி அடித்தவள் நீ. நீ வந்துதான் பிடுங்க வேண்டும். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சுத்தியலை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். நான் வேண்டாம் என்று சொன்ன படம்தான் எனக்கு நேரே தொங்கியது. அதை மட்டுமாவது இறக்கிவிடலாம் என்று நினைப்பேன். உன்னோடு சண்டை போட்டு ஜெயிக்காததை, நீ செத்ததைச் சாக்காக வைத்து ஜெயிப்பதா என்று இருக்கும். பூட்டிவிட்டு வந்துவிடுவேன். என் கைப்பையில் ஒரு சாவி, அவர் சட்டைப் பையில் ஒரு சாவி. இரண்டாலும் எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை.

போன வாரம் உன் தம்பி தயங்கித் தயங்கிப் பேசினான். மாடியை ஒரு பருத்திக்காரருக்கு வாடகைக்குப் பேசிவிட்டானாம். இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "ஒத்தையில எப்பிடித் தூக்குவ? நானும் வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அரைமணி நேரமும் கேலரிச் சாவியைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன். யார் பார்த்துவிடுவார் என்று உன்னோடு பேச்சை முறித்தேனோ, அவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கதவைத் திறந்தேன். அவர் நேராகச் சட்டையின் முன்னால் போய் நின்றார்.

"இது என் சட்டைல்ல?"

"ஆமா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். நான் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"பொத்தான் அம்புட்டும் அச்சு அசலா போட்டிருக்க. சாவிதான் இப்பிடி வெளிய தெரியக் கூடாது. எவனாவது உருவிட்டுப் போயிருவான்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி சரி, வேலையப் பாரு. ஆறரைக்குள்ள போய்ச் சேரணும்."

அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. இதற்காகவா உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன்? பார்த்துவிடுவாரோ என்று பயந்து செத்தேனே, பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லையே. இனி நான் ஊர்ச் சுவரெல்லாம் வரைந்து மாட்டினாலும் அவர் பொத்தானைத்தான் எண்ணுவார்.

ஓரத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் உன் பெயர், உன்னுடைய அந்தச் சாய்ந்த எழுத்தில். உன் ஆணிகள் எனக்கு வசப்படவில்லை. ஒவ்வொன்றும் காரையைப் பெயர்த்துக்கொண்டே வந்தது, நீ இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பாய். சட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அதைத் தூக்கினேன்.

பின்னால் என் பெயர் இருந்தது.

உன் எழுத்துதான். தப்பாக எழுதியிருக்க மாட்டாய், நீ இந்த விஷயத்தில் தப்புப் பண்ணுகிற ஆளே இல்லை. எல்லாப் படத்துக்கும் உன் பெயர், அந்த ஒன்றுக்கு மட்டும் என் பெயர். நான் வந்து சண்டை போடுவதற்கு முன்னாலேயே, மாட்டிய அன்றைக்கே எழுதியிருக்கிறாய். நான் இறக்க மாட்டேன் என்றுதானே சொன்னாய், இறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. கிட்டப் போய் நின்று ஒரு தடவை கையை வைத்திருந்தால் போதும். அந்த ஏழு மாதமும் அது என் ஆணிதான். சுத்தியலுக்கு வேலையே இல்லை. அரை அங்குலம்தான் இறக்கியிருந்தாய், விரலாலேயே வந்துவிட்டது, ஒரு துளி காரை உதிரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து, அந்தச் சுவரில் நெற்றியை வைத்து அழுதேன். "தூசி கண்ல விழுந்துருச்சா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஓட்டைகளுக்கெல்லாம் பட்டி பார்த்துவிட்டேன். நீ வந்து விரலால் தடவிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும். ஆறு பத்துக்கு வீட்டில் இருந்தோம்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தார். சட்டை வழக்கம்போல் ஆணியில் தொங்கியது. அந்த ஆணியை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், அவர் அப்போது எங்கோ பனி மலையில் இருந்தார், லீவில் வந்தால் சட்டை மாட்ட இடம் வேண்டுமே என்று குழவிக்கல்லால் நான் அடித்த ஆணி. வலதுபுறம் கொஞ்சம் சாய்ந்து இறங்கியது. எனக்குத் தெரியும்.

பென்சிலை எடுத்துவந்தேன். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் சுவரில் என் பெயரை எழுதினேன். அவசரத்தில் கடைசி எழுத்து கோணிவிட்டது. சட்டையை மறுபடி மாட்டிவிட்டேன்.

இன்னும் பிடுங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். தினமும் ஆறரைக்குக் கேட் பூட்டுகிற சத்தம் கேட்கிறது, என் பெயரின் மேல் சட்டை வந்து தொங்குகிறது. நேற்று உன் தம்பி போன் பண்ணி, "அக்காவோட சுத்தியல் உங்ககிட்ட இருக்காக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது, இப்போதைக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.