நாற்பத்தேழு பேருக்கு ஒரே விலாசம்

என் வாயாடி மதினி புஷ்பத்துக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். கேட்கவில்லை. நான் சுகம். கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நம் ஊரிலிருந்து வரும் மாதப் பத்திரிகைக்காரர், தேர்தலில் எனக்குத் துணை நின்றவர்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, உன்னோடு பேசத்தான் வருகிறது. ஆகவே இதை உனக்கே எழுதுகிறேன். ஊரும் படித்துவிட்டுப் போகட்டும்.

நான் இப்போது பிரதேச சபை உறுப்பினர். சபை கூடாத நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் போகிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற கண்டாக்கு இருக்கிறாரே, நம்மை வாய்க்கு வந்தபடி விரட்டுவாரே, அவர் இப்போது, "மெம்பரம்மா, தயவுசெஞ்சி பத்தாம் நம்பர் மலைக்குப் போங்க" என்கிறார். முதல் நாள் சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சேலையை வாயில் வைத்துக்கொண்டேன். பக்கத்து நிரையில் நீ இல்லை. இருந்திருந்தால் மலையே அதிர்ந்திருக்கும்.

எந்த வழியில் நாம் மதினி என்று இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியாது. லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவுக்குக் கல்யாணம் கட்டி வந்தோம், கூப்பிட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

என்னைத் தேர்தலில் நிற்கவைத்ததே உன் பழைய கடுதாசிக் கதைதான். பதினெட்டு வயதில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாய். நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. ஆனால் நம் வீடுகளுக்கு எப்போது இலக்கம் இருந்தது? எல்லாருடைய தபாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே அது ஏதோ ஒரு புத்தகத்துக்கு அடியில் கிடந்து உன் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். நீ அதை ஒரு நாளும் அழுதுகொண்டு சொன்னதில்லை. அந்தக் கிளார்க்கு மூக்குக்கண்ணாடியை இறக்கி, "ஓ, இது ஒனக்கா?" என்று கேட்டதை நடித்துக் காட்டுவாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நான் மட்டும் அந்த ஒன்பது நாளை விரலில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

சுயேச்சைக் குழுவில் நிற்கச் சம்மதித்தேன் என்று வந்து சொன்னபோது நீ ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாலம் கட்டுவேன், ரோடு போடுவேன்னு பொய் சொல்லிக்கிட்டு திரியாத மதினி. கதவுக்குக் கதவு ஒரு நம்பர் வாங்கிக் குடு. தபால்காரர் நம்ம வாசலுக்கு வரட்டும். அது போதும்."

நம் தேர்தல் அறிக்கை முழுவதும் அந்த நாலு வரிதான்.

காசுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது டவுன் சாராயக் கடை முதலாளி தானாகவே வந்தார். நோட்டீஸ், மைக் கட்டிய வேன், சோற்றுப் பார்சல் எல்லாம் தன் பொறுப்பு என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். நீ அவருக்குத் தேத்தண்ணியும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்து, "குடிச்சிட்டுப் போங்கண்ணே. காசு வேணாம். நாளைக்கி நீங்க வந்து ரோட்டு காண்ட்ராக்ட் கேட்டா இவ மொகத்த எங்கன கொண்டுபோய் வைப்பா?" என்றாய். அந்த மனுசன் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு நீ கண்டுபிடித்ததுதான் கைக்காசு. ஞாயிற்றுக்கிழமை பறிக்கிற கொழுந்தை நிறுத்து அன்றைக்கே கையில் கொடுக்கிற காசில், ஆளுக்கு ஒரே ஒரு ஞாயிறு. உன்னையும் சேர்த்து நாற்பத்தேழு பெண்கள் கொடுத்தார்கள். மூக்கம்மா அக்கா முழங்கால் வலியால் மத்தியானமே இறங்கிவிட்டதால், "அரை நாளு வேலைதான், எனக்கு அரைப்பேருன்னு எழுதணும், முழுப்பேரு போட்டா பொய்யி" என்று உன்னோடு சண்டை பிடித்தது. நீயும் கணக்குக் கொப்பியில் பெயருக்கு எதிரே அரைப்பேர் என்றே எழுதி ஒப்பம் வாங்கினாய்.

அந்தக் காசில் ஒரு நாள் ஓட்டோவில் மைக் கட்டிப் போனோமே, நினைவிருக்கிறதா? மைக்கை நிறுத்த மறந்து, "தம்பி, பஸ்டாண்டுல நிப்பாட்டு, எனக்கு அவசரமா ஒதுங்கணும்" என்று நீ சொன்னது பூண்டுலோயா பஜார் முழுவதும் கேட்டது. கடைக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். பாதி ஓட்டு அதற்குத்தான் விழுந்தது என்று இன்னும் சொல்கிறார்கள்.

வென்ற பதினைந்தாம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். அவ்வளவுதான். எல்லாரும் அழுதார்கள். எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது, மதினி. என்னைச் சபையில் தள்ளிவிட்டு நீ எங்கே போகிறாய்? அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

தேர்தலுக்கு யார் யார் காசு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? உன் கொப்பியை வைத்துக்கொண்டு நானே படிவத்தை நிரப்பினேன். பெயர், தொகை, விலாசம். விலாசத்துக்கு எல்லாருக்கும் ஒன்றே எழுதினேன்: தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு. நமக்கு வேறு என்ன விலாசம்? அதில் ஒரு தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்தல் அலுவலகத்தில் தோன்றியிருக்கிறது. நாற்பத்தேழு பேருக்கும் ஒரே விலாசம் எப்படி வந்தது, யாரோ ஒருவர் கொடுத்த பணத்தைப் பல பெயரில் பிரித்து எழுதியதா, விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று எனக்குக் கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வந்தது. பதினோரு நாள் கிடந்து என் கைக்கு வந்தபோது தவணைக்கு இன்னும் இரண்டே நாள்.

வாசித்ததும் உன் கொப்பியை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். பதவி போனால் போகட்டும், மறுபடியும் முழு நாளும் கொழுந்து பறிக்கலாம். ஆனால் கடிதம் ஆபீசில் கிடந்த நாளிலேயே விஷயம் கசிந்து, டவுனில், "அது சாராயக் கடைக்காரர் காசாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நீ வெல்லம் கொடுத்து அனுப்பிய மனுசனின் காசா! நீ வாங்கிய ஒவ்வொரு ஒப்பமும் பொய்யா? நீ வந்து பதில் சொல்லவும் முடியாதே. அதுதான் என்னைச் சுட்டது.

மூக்கம்மா அக்கா கடிதத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா ஒப்பாரி வைக்கிற? எல்லாரும் நேர்ல போயி நிப்போம். மூஞ்சிய எண்ணிக்கிறட்டும்" என்றது. மறுநாள் மத்தியானமே அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி, வர முடிந்த நாற்பத்தொரு பேர் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கல்யாணத்துக்கா என்று பஸ் கண்டக்டர் கேட்டார். "இல்ல தம்பி, மெம்பருக்குக் காது குத்து" என்றது அக்கா.

அலுவலகத்தில் ஒரு சிங்கள மிஸ். நல்ல பிள்ளை, சின்ன வயது. எங்கள் கூட்டத்தைப் பார்த்து எழுந்தே விட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தெரிந்த தமிழில் பெயர் என்ன, விலாசம் என்ன என்று கேட்டார். முதல் ஆள் சொன்ன விலாசத்தையே இரண்டாம் ஆளும் சொன்னது. மூன்றாம் ஆளும். ஏழாவது ஆளில் பேனாவை வைத்துவிட்டார்.

"எல்லாரும் ஒரே வீடா?"

"ஆமா மிஸ்," என்றது மூக்கம்மா அக்கா. "இருநூறு அடுப்பு எரியிற வீடு."

அந்த மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நெற்றியைச் சுருக்கி, "அப்ப கடிதம் வந்தா யாருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியாது மிஸ்," என்றேன். "நீங்க போட்ட கடுதாசியே நேத்துதான் கெடச்சிச்சி."

உன் கொப்பியை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூக்கம்மா அக்காவின் பெயர் வந்ததும், "அரைப்பேர் என்றால் என்ன?" என்றார். அக்கா முழங்காலைத் தட்டிக் காட்டி விளக்கம் சொன்னது. காசு கொடுத்ததில் பாதி நாளைக்கூடக் கூட்டி எழுதாதவர்கள் பொய்க் கணக்கு எழுதமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் விளக்கத்தை எழுதி வாங்கி, கணக்கை ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தினார். அதற்கு முன், உன் பெயர் வந்த இடத்தில், "இவங்க வரலியா?" என்றார். நான் சொன்னேன். உன் ஒப்பத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த சபைக் கூட்டத்தில், கதவுக்குக் கதவு நம்பர் கேட்கும் நம் பிரேரணையைக் கொண்டுபோனேன். பேச்சு ஒன்றும் எழுதவில்லை. தேர்தல் அலுவலகம் அனுப்பிய அந்தக் கடிதத்தையே வாசித்தேன். சபை சிரித்தது. கடைவீதி வட்டாரத்துச் சிங்கள உறுப்பினர் எழுந்து, "என் கடைக்கு நம்பர் இருக்கு. கடையில வேலை செய்யிற பிள்ளைக்கு இல்லை. இது சரியில்லை" என்று ஆமோதித்தார். எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை. தோட்டத்து மானேஜர் தொரையும் ஒத்துக்கொண்டார். தபால் பிரிக்கிற வேலை குறைகிறதே!

இரு, ரொம்பவும் மெச்சிக்கொள்ளாதே. நான் போட்ட ஐந்து தெருவிளக்கில் இரண்டுதான் எரிகிறது. மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் தூங்கிவிட்டேன், தவிசாளர் மேசையைத் தட்டித்தான் எழுந்தேன்.

நம்பர் எழுதியது யார் என்று நினைக்கிறாய்? உன் வீட்டுக்காரர், செல்வராசு அண்ணன்தான். தகரத்தில் மஞ்சள் பெயின்ட். தனக்குத்தான் ஒன்றாம் நம்பர் வேண்டும் என்று மூன்று வீட்டில் சண்டை. அண்ணன் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார், உன் வாசலை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். உன் கதவுக்கு இருபத்து மூன்று. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். "கோணலா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். கோணல்தான். இல்லை என்றேன்.

கீழ்ப்பிரிவுக் கதவுகளுக்கு இன்னும் நம்பர் இல்லை. அடுத்த தேர்தலுக்கு முன் வாங்கித் தருவேன். சாராயக் கடை முதலாளி மறுபடியும் வருவார், தேத்தண்ணியும் வெல்லமும் மட்டும்தான். இது உனக்குச் சத்தியம்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி பத்திரிகைக்குப் போகிறது. இன்னொன்றை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, உன் பெயர் எழுதி, இலக்கம் 23 என்று போட்டு நாளைக்குப் பூண்டுலோயாத் தபால் பெட்டியில் போடப்போகிறேன். தோட்ட ஆபீசுக்குப் போகாது. தபால்காரர் லயத்துப் படியேறி வந்து, உன் வாசலில் நின்று, "புஷ்பம், தபால்!" என்று கூப்பிடுவார். நான் பக்கத்துக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இலக்கம் 24-இலிருந்து,
உன் மதினி ராசம்மா