ஸ்கெட்ச் பேனா ஓட்டு

மார்ச் 17, ஞாயிறு

தண்ணீர் லாரி இன்றைக்கும் எங்கள் சந்துக்குள் வரவில்லை. பெங்களூர் நீலசந்திராவில் மற்ற தெருவுக்கெல்லாம் வந்ததாம். என் பெண்டாட்டி சரசு குடத்தோடு மெயின் ரோட்டுக்குப் போனாள், பின்னாலேயே நான் இரண்டு கேனோடு. அங்கே எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டான், ஏப்ரல் 26, இந்தத் தடவை மாத்தியே தீரணும். நானும்தான் கத்தினேன். பத்து வருஷம் பார்த்தாச்சே.

வீட்டுக்கு வந்து சொன்னால் மமதா சிரிக்கிறாள். என் பொண்ணு. பி.காம் முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். "மாத்தினா எனக்கு வேலை வந்துடுமாப்பா?" எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மமதாவுக்கு வோட்டர் ஐடி கைக்கு வந்தது. முதல் ஓட்டு. ஆனால் வரமாட்டாளாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று இன்டர்வியூ போனாள், ஒருத்தனும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தக் கடுப்பை என் மேல் காட்டுகிறாள்.

"நீ ஓட்டு போட ஆரம்பிச்சதுலேர்ந்து அடுத்தவன் கேப் வண்டியைத்தானே ஓட்டிட்டிருக்கே" என்றாள். சுருக்கென்றது. பொய்யா சொன்னாள்?

இருந்தாலும் நான் விடவில்லை. கட்சி எக்கேடோ கெட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வயசில் எல்லாமே வேஸ்ட் என்று உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எதுக்குத்தான் காலையில் எழுந்திருப்பாள்? அதுதான் எனக்குப் பயம். ரொம்ப நேரம் மல்லுக்கு நின்ற பிறகு இறங்கி வந்தாள். "நீ கூட வந்தா வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம்." சத்தியம் கேட்டாள். செய்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கோவிந்தப்பா போன் பண்ணினார். நான் ஓட்டுகிற வண்டி அவருடையது. நாளைக் காலை சக்லேஷ்புரா மலைக்கு டிராப், கம்பெனிப் பசங்க நாலு பேர். ஓட்டுப் போட விட்ட லீவில் ஊர் சுற்றப் போகிறார்களாம். எனக்கு ஓட்டு இருக்கு சார் என்றேன். "ஒந்து ஓட்டு, ஒரே ஒரு ஓட்டுக்கு ட்ரிப்பை விடறியா சுந்தரம்? அப்ப சாவியையும் கொண்டாந்து குடுத்துடு" என்றார்.

ஐந்துக்குக் கிளம்பினால் பத்துக்கு இறக்கிவிடலாம். நாலுக்குள் வீடு. மமதாவிடம் சொன்னேன். "பூத் இருக்கற ஸ்கூல் கேட்டாண்ட நிக்கறேன், வந்துடு" என்றாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

போடவில்லை.

காலை எட்டரைக்கு வழியில் டிபனுக்கு நிறுத்தினோம். விரலில் மை காட்டினால் காபியும் கேசரி பாத்தும் ஃப்ரீ என்று ஹோட்டலில் போர்டு. பசங்களுக்கு ஒரே சிரிப்பு. அவர்களோடு வந்த ஒரு பெண் தன் பையிலிருந்து ஊதா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எல்லார் விரலிலும் கோடு போட்டாள். "அண்ணா, உங்க கை." நீட்டிவிட்டேன். ஏன் நீட்டினேன்? சாயங்காலம் நிஜ மை அதன் மேலேயே வந்துவிடும், மறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கேசரி பாத் நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்றால் ரோஹன் என்கிற பையன், வியூ பாயின்ட் பார்த்துவிட்டுத்தான் ரூமுக்கு என்றான். கோவிந்தப்பாவுக்குப் போன் போட்டேன். கஸ்டமர் சொன்னதைச் செய் என்று வைத்துவிட்டார். அங்கிருந்து கிளம்பும்போதே இரண்டு தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு ஊருக்கு வெளியே நெலமங்கலாவில் லாரிகளுக்கு நடுவே நிற்கிறேன். பூத் மூடுகிற நேரம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான்.

மமதா கேட்டில் நின்று நின்று, மூடுகிற நேரத்துக்குத் தனியாக உள்ளே போய்ப் போட்டிருக்கிறாள். எனக்குப் போன்கூட பண்ணவில்லை, வண்டி ஓட்டறப்ப எதுக்கு என்று. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது முறைத்துக்கொண்டு வந்தாள். திட்டத்தான் வந்தாள். அதற்குள் என் விரலைப் பார்த்துவிட்டாள்.

"போட்டுட்டியா? நேரா அங்கதான் போனியா? கடைசி நேரத்துல வந்தவங்களுக்குக் குடுக்கற டோக்கன் குடுத்தாங்களா?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு வேறு என்ன சொல்ல? என் விரலையும் அவள் விரலையும் சேர்த்து வைத்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். 'நானும் அப்பாவும்.'

ஏப்ரல் 28, ஞாயிறு

வண்டி கழுவினேன். ஷாம்பு நுரையோடு விரல் மையும் போய்விட்டது. நாள் முழுக்கக் கையை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சோறு தின்பது வலது கையில் என்பதால் பிழைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

தொம்மலூரில் ஒரு கடையில் ஸ்கெட்ச் பேனா வாங்கினேன். ஊதா மட்டும் போதவில்லை, மமதாவின் நகத்தில் மை கருத்துவிட்டது. அதனால் பிரவுனும். வண்டிக்குள் உட்கார்ந்து கோடு போட்டேன். "குழந்தைக்கா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

மே 9, வியாழன்

தினமும் போடுகிறேன். த்தூ. இதுவும் ஒரு பொழப்பு.

மே 22, புதன்

நாலாவது இன்டர்வியூ. இந்தத் தடவை அவளாகவே கிளம்பினாள். "எல்லாம் மாறும்ப்பா, பாரேன்" என்றாள். நான் அவளிடம் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். கேட்க முடியவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ரிசல்ட். வண்டியில் ரேடியோ போடவில்லை. வீட்டில் அவள் காலையிலிருந்து டிவி முன்னால்தான் இருந்தாளாம். எங்கள் தொகுதியில் மதியம் வரை வேறொருத்தர் முன்னால் இருந்தாராம். கடைசியில் பழைய ஆள்தான். டெல்லியிலும் அவர்கள்தான் உட்காரப் போகிறார்கள் போலிருக்கிறது. இன்டர்வியூ கொடுத்த கம்பெனியிலிருந்தும் இன்றைக்கே மெயில். இல்லையாம்.

சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. சரசு தட்டை மூடி வைத்தாள்.

ஜூன் 5, புதன்

காலையில் நான் கிளம்பும்போது மமதா பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நாம ரெண்டு பேரும் போட்டோமேப்பா. என்ன ஆச்சு?"

ரெண்டு இல்லம்மா, ஒண்ணுதான். தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் என் மேல்தான் காறித் துப்பியிருப்பாள். துப்பட்டுமே. ஓட்டு மேல் இருந்த நம்பிக்கையையாவது விடாமல் இருந்திருப்பாள். இது எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஸ்டேட்டஸ் வைத்த போட்டோ, அந்த முகம் — அதுதான் கண்ணில் நின்றது.

"இனிமே ஓட்டுக்கு என்னைக் கூப்பிடாதே" என்றாள்.

"சரிம்மா, கூப்பிடலை" என்று வண்டியை எடுத்தேன்.