வலது காலில் கியர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும். இங்க எங்க சுகத்தை எழுதற வரி வந்ததும் பேனா நின்னுடுச்சு, அதனால அதைத் தாண்டி மேல எழுதறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்ல. உன் தம்பிக்குக் காலை எடுத்த இடத்துல புண் ஆறிடுச்சு, செயற்கைக் காலுக்கு அளவெடுக்க அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. இல்லாத வலது பாதம் அரிக்குதுங்கறான். எதைச் சொறியறதுன்னு தெரியாம உங்கம்மா போர்வையத் தடவிக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. நான் வாசல் நாற்காலியில பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஏழு வாரமா இதுதான் என் பொழப்பு.

போன்ல சொல்லாம ஏன் எழுதறேன்னா, போன்ல நீ நடுவுல அழுவே, அதையே சாக்கா வெச்சு நான் நிறுத்திடுவேன். போன தடவையும் அப்படித்தான் ஆச்சு. பிரேக்கை நம்ம மெக்கானிக்தானே பாத்தாருன்னு நீ கேட்ட, நான் ம்ன்னேன். அந்த ஒரு ம்மை வெச்சுக்கிட்டு நீ அங்கேர்ந்து போலீசுக்குப் புகார் அனுப்பிட்ட. உன் மேல தப்பில்ல, கூடப் பொறந்தவன் கால் போனா யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது. ஆனா அந்த ம் பொய்ம்மா. பிரேக் நல்லா இருந்துச்சு. முழுசாப் படி, நடுவுல கிழிச்சுப் போட்டுடாத.

நம்ம பழைய மோட்டார் சைக்கிள் உனக்குத் தெரியும், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தது, உங்கம்மா அதை என் மூத்த சம்சாரம்னு கூப்பிடுவா. அந்தக் காலத்து வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படியே தலைகீழ். எட்டு வருஷம் முன்னாடி தம்பி லைசென்ஸ் எடுத்தப்போ, அவன் கால் புது வண்டியில பழகினதுன்னு, பஸ் டிப்போ பின்னால பட்டறை வெச்சிருக்கற நம்ம மெக்கானிக், அதான் நீ சின்னதுல பொறுமை மாமான்னு பேர் வெச்சியே அவர்தான், ஒரு கம்பி இணைப்பு செஞ்சு கியரை இடதுக்கும் பிரேக்கை வலதுக்கும் மாத்திக் குடுத்தார். எட்டு வருஷம் தம்பி ஒரு கீறல் இல்லாம ஓட்டினான். கழட்டின பழைய பெடலையெல்லாம் எண்ணெய்த் துணியில சுத்தி நான் பரண்ல போட்டு வெச்சேன். அதைத் தூக்கி எறிஞ்சிருக்கணும்.

போன வருஷம் பழைய வண்டிக் கண்காட்சிக்குக் கொண்டு போனேன். பெயிண்டு, சீட்டுத் தோல், விளக்கு மூடி, டேங்க்ல கையால போட்ட தங்கக் கோடு எல்லாத்தையும் நடுவர் பாத்துப் பாத்துத் தலையாட்டினார். அப்புறம் குனிஞ்சு கியரைப் பாத்துட்டு, மாற்றப்பட்டதுன்னு மதிப்பெண் சீட்டுல ஒரே ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிட்டார். எனக்கு இரண்டாமிடம். தொழிற்சாலையில முப்பது வருஷம் அடுத்தவன் வேலையில நொட்டை சொன்ன இன்ஸ்பெக்டர் நான், என் வண்டியில ஒருத்தன் நொட்டை சொன்னா தாங்குமா. பொறுமைகிட்டப் போயி பழையபடி மாத்துங்கன்னேன். அவர் கைய துணியில துடைச்சுக்கிட்டே, சார் வேண்டாம், கியர் மாறிடுச்சுன்னு தம்பி தலைக்குச் சொல்லலாம், காலுக்குச் சொல்ல முடியாது, நான் தொடமாட்டேன்னார். அப்படி மாத்தியே தீரணும்னா சாவிய உங்ககிட்டயே வெச்சுக்குங்கன்னும் சொன்னார். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. உம்ம விட்டா எனக்கு ஆளில்லையான்னு கேட்டுட்டு வந்து, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து நானே மாத்தினேன். பின் பிரேக்குக்குப் புதுப் பட்டை மட்டும் அவர்கிட்டக் குடுத்துப் போட்டுக்கிட்டேன். அவர் எப்பவும் போல நல்லாத்தான் போட்டார். சாவிய எப்பவும் போல கதவுப் பக்கத்து ஆணியில மாட்டினேன்.

அன்னிக்குக் காலையில தம்பியோட சொந்த வண்டி பஞ்சர். வேலைக்கு நேரமாச்சுன்னு ஆணியிலேர்ந்து சாவிய எடுத்தான். டேய், கியர் வலது பக்கம், பாத்துப் போன்னேன். தெரியும்ப்பா, முந்தாநாள் தெருவுல ஓட்டிப் பாத்தேனேன்னு சொல்லிட்டுப் போனான். பள்ளிக்கூடத்து வளைவுல தண்ணி லாரி ஒண்ணு சந்துலேர்ந்து ரிவர்ஸ்ல வெளிய வந்திருக்கு. அவன் பிரேக்குன்னு நினைச்சு வலது காலால ஓங்கி மிதிச்சிருக்கான். இந்த வண்டியில மிதிச்சா கியர் மேல ஏறும். நிக்க வேண்டிய வண்டி நேரா லாரிக்கு அடியிலயே போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும், வலது காலால நல்லா அழுத்தினேன்ப்பா, பிரேக்கே பிடிக்கலைன்னான். எனக்கு அந்த இடத்துலயே புரிஞ்சுபோச்சு. மறுநாள் ஸ்டேஷன் முற்றத்துல வண்டியப் பாத்தேன். டாப் கியர்ல நின்னுச்சு. அந்த வளைவுல எவனும் டாப் கியர்ல வரமாட்டான். கிளட்சைப் பிடிச்சு, இடது பெடலை மிதிச்சுக்கிட்டு வண்டியத் தள்ளினேன், ஆணி அடிச்ச மாதிரி அசையல. அப்பவே வாயத் திறந்திருக்கணும். திறக்கல. ஏன்னு கேட்டா ஒண்ணும் பெரிய காரணம் இல்ல, பயம்.

பொறுமைய ரெண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி நாள் முழுக்க பெஞ்சில உக்கார வெச்சாங்க. பிரேக் போடத் தெரியாதவர்னு பேராகி, விட்டிருந்த வண்டியெல்லாம் ஒவ்வொருத்தரா வந்து தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. பட்டறை ஷட்டர் கீழ இருக்கு. போன திங்கக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சார். நான் மாத்தினதை அவர் போலீசுல ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்ன்னார். செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காதும்மா.

அன்னிக்கே வீட்டுல ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்கம்மா திட்டியிருந்தா தேவலாம். இப்ப தட்டை வெச்சுட்டு உள்ள போயிடறா, சோறு போதுமான்னு கேக்கறதில்ல. தம்பி கால் இருந்த இடத்தைப் பாத்துட்டு, அப்போ நான் மிதிச்சது கியராப்பான்னு கேட்டான். தப்பு உன் மேல இல்லடா, என் மேலன்னேன். போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டான். அதுலேர்ந்து நான் அறைக்குள்ள போனா தூங்கற மாதிரி கிடக்கான். அவன் தூங்கும்போது வாய் திறந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போயி எல்லாத்தையும் சொன்னேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, சிநேகிதனைக் காப்பாத்த வந்தீங்களான்னு கேட்டார். பிரேக் கோளாறுன்னு உங்க பொண்ணு எழுதியிருக்காங்க, நீங்களும் நாங்க விசாரிச்சப்போ மறுக்கல, புகார் குடுத்தவங்களே திருத்தி எழுதினாத்தான் மெக்கானிக் பேரை எடுக்கறதைப் பத்தி யோசிக்க முடியும்னுட்டார். ஏழு வாரம் பொய்யக் காப்பாத்தினவன் ஒரு நாள் உண்மை சொன்னா யார் நம்புவா. அதனால உன்னைத்தான் நம்பியிருக்கேன். நீ அப்பா மேல கோவப்படு, பேசாம இரு, ஊருக்கு வந்தா நேரா தம்பிகிட்டப் போயிட்டு என்னைப் பாக்காமத் திரும்பிப் போ, எதுவானாலும் நான் வாங்கிக்கறேன். இது ஒண்ணை மட்டும் தள்ளிப் போடாத. பட்டறைச் சுவத்துல மாட்டின ஸ்பேனரையெல்லாம் அவர் கழட்டிப் பெட்டியில போட ஆரம்பிச்சுட்டார், நான் கண்ணால பாத்தேன்.

குளிர்ல பேத்தி காதை மூடிக் கூட்டிட்டுப் போ. மாப்பிள்ளைகிட்ட இதை மறைக்க வேண்டாம், படிக்கக் குடு. நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பிருந்தா எடுத்துக்கோ.

மறந்துடாத, இந்தக் கடிதம் கிடைச்ச அன்னிக்கே எழுதி அனுப்பு. வண்டியில என்ன மாத்தினாங்க, யார் மாத்தினாங்கன்னு தெளிவா எழுது. பொறுமை மாமா பேர் இருக்கற இடத்துல எல்லாம் அதை அடிச்சுட்டு என் பேரைப் போடு. எழுத்துப் பிழை வராம பாத்துக்கோ, கல்யாணத்துக்கு அப்புறமும் நீ மாத்த மாட்டேன்னு பிடிவாதமா உன் பேருக்கு முன்னால வெச்சிருக்கியே ஒரு இனிஷியல், என் பேர் அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது.

இப்படிக்கு,
உன் அப்பா