குச்சி கத்தினால் இறங்கு

ஜூன் 4, பஸ்ரா
நிரந்தர வேலைப் பட்டியலை மின்சார அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மூன்று தடவை படித்தேன். ஸர்மத் என்ற என் பெயர் இல்லை. இரண்டு வருடப் பயிற்சி, நான்கு வருடம் தினக்கூலியாகக் கம்பம் ஏறியது — எல்லாம் யாருக்காக?

ஜூன் 5
எனக்கு நிச்சயமான ரஃபலின் அப்பா வாசலிலேயே நிறுத்தி, "நியமனக் கடிதம் வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கல்யாணத் தேதியும் இல்ல மாப்ள." மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கிறார்.

ஜூன் 11
பட்டியலில் இடம்பிடித்த முஹன்னத் வேலைக்கு வந்துவிட்டான். அவன் மாமா சிபாரிசு. இடுப்பு பெல்ட்டைத் தலைகீழாக மாட்டுகிறான். "நீயே தொழில் கத்துக் குடுத்துடு" என்கிறார் இஞ்சினியர். எனக்கில்லாத வேலைக்கு நான் வாத்தியார். ஆள் மரியாதையானவன் வேறு; அதுவும் எரிச்சல்.

ஜூன் 12
நாற்பத்தொன்பது டிகிரி.

ஜூன் 19
தெரு முழுக்க அரசு மின்சாரம் இல்லை. முஹன்னத் கம்பத்தில், நான் பக்கத்து ஏணியில். கையுறையைப் பாக்கெட்டில் செருகிவிட்டு வெறுங்கையைக் கம்பிக்கு நீட்டுகிறான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
"குச்சி வச்சுப் பாத்தியாடா?"
"ஊரே வேர்த்துக்கிட்டுக் கிடக்குதுண்ணே, கம்பியில எங்கேருந்து கரண்டு வரும்?"
கம்பியில் மின்சாரம் இருந்தால் கத்தும் சோதனைக் குச்சியை நீட்டினேன். கீச்சென்று கத்தியது. யாரோ ஒருவர் தன் வீட்டில் ஜெனரேட்டர் இணைப்பையும் அரசு இணைப்பையும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்; மின்சாரம் அங்கிருந்து திரும்பி வருகிறது. கண்டபடி திட்டினேன். செத்திருப்பான். தினக்கூலியான நான் செத்திருந்தால் பதிவேட்டில் பெயர்கூட இருக்காது.

ஜூன் 20
தப்பு தன்னுடையது என்று முஹன்னத்தே இஞ்சினியரிடம் சொல்லிவிட்டான். எனக்காக மாமாவிடம் பேசுகிறானாம். யாருக்கு வேண்டும் அவன் மாமா?
வேண்டும்.

ஆகஸ்ட் 2
கடிதம் வந்துவிட்டது. நிரந்தர வேலை: கிடங்குக் காவலர்.
"சார், நான் லைன்மேன்" என்றேன் இஞ்சினியரிடம்.
"அதுல இடமில்லப்பா. வேணாம்னா சொல்லு, வரிசையில ஆள் நிக்குது."
கையெழுத்துப் போட்டேன். ரஃபலின் அப்பா கட்டிப்பிடித்து முத்தமிட்டார். கல்யாணம் அடுத்த மாதம். சந்தோஷம்தான். ஏன் இப்படிக் கசக்கிறது?

ஆகஸ்ட் 9
கிடங்கு வாசலில் நாற்காலி. என் பெல்ட்டை முஹன்னத்துக்குக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் போன் செய்தான்.
"அண்ணே, தெருவுல ஒரு ஃபேன்கூட ஓடல. ஆனா குச்சி கத்துது."
"இறங்கு."
"இறங்கிட்டேண்ணே. சும்மா, சொல்லணும்னு தோணுச்சு."
எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன்.